சிறு குழந்தைகளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளாமல் காப்பது எப்படி, அடைத்துக்கொண்டால் செய்வது என்ன

என் மகளுக்கு எட்டு மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஆவியில் வேகவைத்த கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி முதன்முறையாக அவள் கையில் கொடுத்தேன். நுனியைக் கடித்து வாயில் குதப்பிக்கொண்டிருந்தவள், திடீரென்று நாக்கை வெளியே நீட்டி, கண்களில் நீர் முட்ட, முகம் சிவந்து ஓங்கரித்தாள். அடுத்த நொடியே என் ஆள்காட்டி விரல் அவள் வாய்க்குள் இருந்தது. நாக்கின் மேலேறி வெளியே வந்துகொண்டிருந்த அந்தத் துண்டு, என் விரல் பட்டு உள்நோக்கி நகர்ந்ததை என்னால் உணர முடிந்தது. அவள் மீண்டும் ஓங்கரித்துத் துப்பினாள், அழுதாள், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் கேரட்டுக்குக் கை நீட்டினாள். எனக்குத்தான் நடுக்கம் அடங்கவில்லை. அதன் பிறகு இரண்டு மாதம் மசித்துக் கரைத்த உணவைத் தவிர வேறெதையும் அவளுக்குக் கொடுக்கவில்லை. தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு செவிலியர் நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குழந்தை சரியாகத்தான் செய்திருக்கிறாள், அம்மா. அன்று ஆபத்தாக இருந்தது உங்கள் விரல்தான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்த வழிகாட்டியை எழுத வைத்தது. குழந்தைக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளுமோ என்று பெற்றோர் பயப்படுவதில் தவறு எதுவும் இல்லை. அது நியாயமான பயம். ஆனால் அந்தப் பயம் பெரும்பாலும் தவறான இடத்தில் போய் நிற்கிறது. சத்தமாக இருமித் துப்பும் குழந்தையைக் கண்டு நடுங்குகிறோம். முழுத் திராட்சையோடு அறைக்குள் ஓடும் குழந்தையைக் கண்டு நடுங்குவதில்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம், பயம் வந்த நொடியில் கை என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் இங்கே முடிந்தவரை தெளிவாகச் சொல்ல முயல்கிறேன்.

சிறு குழந்தையின் தொண்டை ஏன் எளிதில் அடைபடுகிறது

கைக்குழந்தையின் மூச்சுக்குழல் ஏறத்தாழ ஓர் உறிஞ்சுகுழல் அளவுக்கே அகலமானது. உட்புற விட்டம் சில மில்லிமீட்டர்தான். பெரியவர்களின் மூச்சுக்குழலில் சிக்கினால் இருமலோடு போய்விடும் ஒரு பொருள், குழந்தையின் குழலை முழுவதுமாக மூடிவிடும். குழல் எவ்வளவு குறுகுகிறதோ அதைவிடப் பல மடங்கு காற்றோட்டம் குறைந்துவிடும் என்பதால், பாதி அடைப்புகூடக் குழந்தைக்குப் பெரிய அடைப்புதான். அடைத்ததை வெளியே தள்ளும் அளவுக்குக் குழந்தையின் இருமலுக்கு விசையும் போதாது.

பற்களின் கணக்கை நாம் பலரும் மறந்துவிடுகிறோம். முன்பற்கள் ஆறு முதல் பத்து மாதத்துக்குள் முளைக்கத் தொடங்குகின்றன. அவை கடித்துத் துண்டாக்கும், அரைக்காது. அரைக்கும் கடைவாய்ப் பற்களில் முதல் இணை ஒன்றேகால் வயதை ஒட்டியும், இரண்டாவது இணை இரண்டு வயதுக்கு முன்பின்னாகவும்தான் வருகின்றன. பல் வந்த உடனே மெல்லும் பழக்கம் வந்துவிடுவதும் இல்லை. கடினமானதை நன்றாக அரைத்து விழுங்கும் பக்குவம் நான்கு வயதை நெருங்கும்போதுதான் கைகூடுகிறது. ஆகவே "பல்தான் முளைத்துவிட்டதே, ஆப்பிளைக் கடித்துத் தின்னட்டும்" என்று கொடுப்பது, கடிக்க மட்டுமே தெரிந்த வாயிடம் அரைக்கும் வேலையை ஒப்படைப்பதாகும். உணவால் ஏற்படும் தொண்டை அடைப்பு நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம்தான் மிகுதியாக இருக்கிறது என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

ஓங்கரிப்பு வேறு, அடைப்பு வேறு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஓங்கரிப்பு என்பது உடலே வைத்திருக்கும் காவல். விழுங்கத் தயாராகாத உணவு நாக்கின் குறிப்பிட்ட இடத்தைத் தொட்டதும், அதைத் தொண்டை திருப்பி முன்னே தள்ளுகிறது. பெரியவர்களுக்கு அந்த இடம் நாக்கின் அடியாழத்தில் இருக்கிறது. ஆறேழு மாதக் குழந்தைக்கு அது நாக்கின் நடுப்பகுதிவரை முன்னே இருக்கிறது. அதனால்தான் குழந்தை அடிக்கடி ஓங்கரிக்கிறது. அதனால்தான் உணவு மூச்சுக்குழலை நெருங்கும் முன்பே தடுக்கப்படுகிறது. ஓங்கரிக்கும் குழந்தையிடமிருந்து சத்தம் வரும். நாக்கு வெளியே நீளும், முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், சில நேரம் வாந்தியும் வரும். பார்க்கக் கொடுமையாக இருக்கும். ஆனாலும் காற்று போய்வருகிறது.

அடைப்பு இதற்கு நேர்மாறானது. குழந்தை இரும முயன்றும் இருமல் சத்தம் வராது. வந்தாலும் வலுவில்லாமல், காற்றுப் போன ஊதல்போல வரும். அழ வாய் திறக்கும், குரல் எழாது. கண்கள் அகன்று மிரண்டு நிற்கும். விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே இழுபடும். உதடும் ஈறும் நகக்கண்ணும் நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறும். கருத்த தோல் உள்ள குழந்தைகளுக்கு முகத்தில் நிறமாற்றம் எளிதில் தெரியாது. உதட்டின் உட்புறத்தையும் நகத்தையும்தான் பார்க்க வேண்டும்.

சத்தம் இருக்கும்வரை பொறுமை, சத்தம் நின்றால் செயல். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் இன்னொன்றும் விளங்கும்: உண்மையான அடைப்பு அமைதியாக நிகழ்வதால், அடுத்த அறையிலிருந்து காதால் கவனிப்பது காவலாகாது. குழந்தை சாப்பிடும்போது கண்ணால் பார்க்கும் தொலைவில், முகத்துக்கு நேராக ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும்.

தட்டில் வைப்பதற்கு முன்

எந்த உணவு என்பதைவிட எந்த வடிவம், எந்தப் பதம் என்பதுதான் இங்கே முக்கியம். உருண்டையாக, வழவழப்பாக, அழுத்தினால் சற்று அமுங்கி அடைப்பான்போல் பொருந்தக்கூடியதாக இருப்பவை எல்லாவற்றிலும் ஆபத்தானவை. முழுத் திராட்சையை ஒருமுறை கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். அதன் தோல் ஈரமாகி வழுக்குகிறது. பல்லில் மாட்டுவதற்குள் நழுவுகிறது. சிறு குழந்தையின் தொண்டையில் போய் உட்கார்ந்தால் காற்று புக ஓர் இடுக்குகூட விடாமல் மூடிக்கொள்கிறது. இப்போது அதை நிற்கவைத்து, காம்புப் பக்கத்திலிருந்து அடிவரை நீளவாக்கில் வெட்டுங்கள். பாதிகளை மறுபடியும் நீளவாக்கில் வெட்டுங்கள். கிடைக்கும் நான்கு கீற்றுகளுக்கும் ஓரங்கள் இருக்கின்றன, எதுவும் வட்டமாக இல்லை. குறுக்கே வெட்டினால் கிடைப்பது இரண்டு சிறிய வட்டங்கள், அவையும் அடைப்பான்களே. எனவே கத்தி எந்தத் திசையில் போகிறது என்பது சிறு விஷயம் அல்ல. சிறு தக்காளி, செர்ரி, சாசேஜ் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்: விதையிருந்தால் எடுத்துவிட்டு, நீளவாக்கில் மெல்லிய கீற்றுகளாக வெட்ட வேண்டும். ஐந்து வயதாகும்வரை திராட்சையை வெட்டியே கொடுப்பது நல்லது.

அடுத்த வகை கடினமானவை: வேகவைக்காத கேரட், வேகவைக்காத ஆப்பிள் துண்டு, கொட்டைப் பருப்புகள், கடின மிட்டாய். காய்களையும் ஆப்பிளையும் மென்மையாகும்வரை வேகவைக்கலாம், அல்லது துருவிக் கொடுக்கலாம். வெந்த துண்டை உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இலேசாக அழுத்துங்கள். பிசைந்துகொண்டு போனால் ஈறுகளும் அதைப் பிசைந்துவிடும். போகவில்லை என்றால் மீண்டும் அடுப்பில் வையுங்கள். கொட்டைப் பருப்புகளை ஐந்து வயதுக்கு முன் முழுதாகவோ உடைத்தோ கொடுக்க வேண்டாம். நிலக்கடலையின் பாதிப் பருப்பு மூச்சுக்குழலில் இறங்கிக் கிளைக்குழலில் தங்கிவிடும் அளவுக்குச் சரியான உருவம் கொண்டது. பொடியாக அரைத்து உணவில் கலந்தோ, மென்மையான விழுதாக்கி மெல்லியதாகத் தடவியோ கொடுக்கலாம். ஒவ்வாமை வராமல் தடுக்க நிலக்கடலையைச் சீக்கிரமே அறிமுகம் செய்யும்படி மருத்துவர் சொல்லியிருந்தால், அது அரைத்த வடிவத்தைத்தான் குறிக்கும்.

விழுதைக் கரண்டியில் கட்டியாக அள்ளி ஊட்டக் கூடாது. ஒட்டும் உணவு தொண்டைச் சுவரைப் பற்றிக்கொள்ளும். முதுகில் தட்டினாலும் எளிதில் பெயராது. மெல்லுமிட்டாய், மெத்தென்ற சர்க்கரை மிட்டாய்கள், கனசதுரமாக வெட்டிய பாலாடைக்கட்டி, பெரிய இறைச்சித் துண்டு ஆகியவையும் இந்த இனமே. பாலாடைக்கட்டியைத் துருவுங்கள், இறைச்சியை நாராகப் பிய்த்துப் பொடியாக்குங்கள். பாப்கார்னை நான்கு வயதுவரை தள்ளி வையுங்கள். மென்மையாகத் தோன்றினாலும் அதன் உமி தொண்டையில் ஒட்டும், உள்ளே பொரியாமல் நிற்கும் மணிகள் கல்லுக்குச் சமம்.

சாப்பிடும் இடமும் நேரமும்

சரியாக வெட்டிய உணவையும் தவறான நிலையில் இருக்கும் குழந்தை தவறாக விழுங்கும். நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். உயர நாற்காலி என்றால் கால் தொங்காமல் பாதத்துக்கு ஒரு தாங்கல் இருந்தால் உடல் நிலைப்படும். படுத்துக்கொண்டும், நடந்துகொண்டும், ஓடிக்கொண்டும் எதையும் தின்னக் கூடாது. அழும்போதும் விழுந்து விழுந்து சிரிக்கும்போதும் குழந்தை திடீரென்று மூச்சை உள்ளே இழுக்கிறது. வாயில் இருப்பதும் மூச்சோடு சேர்ந்து போகிறது. அழுகையை நிறுத்துவதற்காக வாயில் எதையாவது திணிப்பது, அன்போடு செய்யப்படும் ஆபத்தான காரியம். ஓடும் காரின் பின்னிருக்கையில் தின்பண்டம் கொடுப்பதையும் நான் விட்டுவிட்டேன்: ஓட்டுபவருக்குக் குழந்தையின் முகம் தெரியாது, சத்தமில்லாமல் அடைத்துக்கொண்டால் தெரியவே தெரியாது, தெரிந்தாலும் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வரவேண்டும்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மற்றவர்களிடமும் இதைச் சொல்லியாக வேண்டும். தாத்தா பாட்டியிடம் சொல்வது சிலருக்குச் சங்கடமாக இருக்கும். "நாங்கள் வளர்க்காத பிள்ளையா" என்ற பதில் வரும். குறை சொல்வதுபோல் பேசாமல், திராட்சையையும் கத்தியையும் கையில் கொடுத்து, "இப்படி வெட்டினால் போதுமா பாருங்கள், பாட்டி" என்று கேட்டால் அவர்களே அடுத்த முறை வெட்டி வைத்திருப்பார்கள். அண்ணன் அக்காக்களுக்கும் ஒரே விதி: தம்பி பாப்பாவின் வாயில் எதையும் நீங்களாக வைக்கக் கூடாது, வாயில் எதையாவது பார்த்தால் உடனே பெரியவர்களைக் கூப்பிட வேண்டும்.

தரையில் கிடப்பவை

அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுமையாக அடங்கும் எந்தப் பொருளும், எந்த உதிரிப் பாகமும் அந்த வயதுக்கு ஆகாது. பந்துகளுக்கு அளவு இன்னும் கடுமையானது: 44.4 மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள பந்து சிறு பந்தாகக் கருதப்படுகிறது, ஏனெனில் உருண்டை எந்தத் திசையிலும் அடைக்கும். வீட்டில் இந்தச் சோதனையைச் செய்ய, கழிவறைக் காகிதச் சுருளின் உள்ளட்டைக் குழாய் போதும். அது அந்த உருளையைவிடச் சற்று அகலமானது. அதனால் தவறு நேர்ந்தாலும் பாதுகாப்பின் பக்கமே நேரும். குழாய்க்குள் புகுந்து விழும் எதையும் மூன்று வயதுவரை குழந்தையின் கைக்கெட்டாமல் வைக்க வேண்டும். பிறகு தரையில் மண்டியிட்டு, தவழும் உயரத்தில் கண்ணை வைத்து அறையைச் சுற்றி வாருங்கள். நாற்காலிக்கு அடியில் ஒரு பேனா மூடி, கட்டில் ஓரத்தில் ஒரு மணி, மூத்த பிள்ளையின் கோலிக்குண்டு என்று நின்றபடி தெரியாதவை எல்லாம் கண்ணில் படும்.

பலூனைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை யாரும் ஆபத்தான பொருளாக நினைப்பதில்லை. வெடித்த பலூனின் துண்டு தொண்டையின் வடிவத்துக்கே படிந்துகொள்ளும். குழந்தை மூச்சை இழுக்க இழுக்க இன்னும் இறுகும். வெளியே தள்ளுவது மிகக் கடினம். ஊதாத பலூனும் ஊத முயலும் நேரத்தில் உள்ளே போய்விடலாம். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தனியாகப் பலூனை ஊதவோ, வெடித்த துண்டுகளோடு விளையாடவோ விடக் கூடாது.

பட்டன் பேட்டரியால் வரும் ஆபத்து வேறு வகை. மூச்சை அடைப்பதைவிடக் கொடியதாக, உணவுக்குழலில் சிக்கினால் அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகித் திசுவை எரிக்கிறது. பேட்டரி கசிய வேண்டிய தேவையே இல்லை. தீர்ந்துபோன பேட்டரியிலும் எரிக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கும். கடும் புண் உண்டாக இரண்டு மணி நேரம் போதும். நாணயம்போல் இருக்கும் 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரிதான் சிறு குழந்தைகளின் உணவுக்குழலில் நின்றுவிடும் அளவு கொண்டது. ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, எடைக் கருவி, ஒளிரும் பொம்மை என்று எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி, திருகாணியால் மூடாத எதையும் அப்புறப்படுத்துங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயது நிரம்பிய குழந்தை, பேட்டரி விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, விழுங்கவும் முடிந்தால், வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். அது எரிச்சலைத் தாமதப்படுத்தும். தேன் தேடுவதற்காகப் பயணத்தைத் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

ஒன்றுக்கு மேற்பட்ட சிறு காந்தங்களை விழுங்கினாலும் இதே அவசரம்தான்: குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்துகொண்டு அவை ஒன்றையொன்று இழுத்து, நடுவில் அகப்பட்ட குடற்சுவரைத் துளைத்துவிடும்.

அடைத்துக்கொண்டுவிட்டால்

குழந்தை சத்தமாக இருமிக்கொண்டிருந்தால் தொடாதீர்கள். அருகில் குனிந்து, இருமும்படி ஊக்கப்படுத்துங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம், தலை உச்சியில் தட்ட வேண்டாம், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டாம். பொருள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்து எளிதில் எடுக்க முடிந்தாலன்றி வாய்க்குள் விரல் விட வேண்டாம். பார்க்காமல் துழாவும் விரல் அடைப்பை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும்.

இருமல் சத்தம் நின்று, மூச்சு வராமல் போனால் உடனே தொடங்குங்கள். அருகில் யாராவது இருந்தால் அவசர ஊர்தியை அழைக்கச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு உங்கள் கைகளை வேலையில் வையுங்கள்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை: நீங்கள் உட்கார்ந்துகொண்டு, குழந்தையை உங்கள் முன்கையின் மேல் குப்புறப் படுக்கவைத்து, அந்தக் கையைத் தொடையில் தாங்கிக்கொள்ளுங்கள். தலை உடலைவிடத் தாழ்ந்திருக்கட்டும். விரல்களால் தாடை எலும்பைத் தாங்குங்கள், தொண்டையின் மென்மையான பகுதியை அழுத்தாதீர்கள். மற்றொரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியால் இரு தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். தடவிக்கொடுப்பதுபோல் தட்டினால் பயனில்லை. அடைப்பு விலகவில்லை என்றால், தலையையும் கழுத்தையும் தாங்கியபடி மல்லாக்கத் திருப்பி, முலைக்காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே மார்பெலும்பின் மேல் ஐந்து முறை அழுத்தமாக உந்துங்கள். நெடுநாளாக இரண்டு விரல்களால் உந்தும்படி கற்பித்தார்கள்; அமெரிக்க இதய சங்கத்தின் 2025 வழிகாட்டுதல் ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியைப் பயன்படுத்தச் சொல்கிறது. பொருள் வெளிவரும்வரை, அல்லது குழந்தை நினைவிழக்கும்வரை, ஐந்து தட்டும் ஐந்து உந்துமாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இந்த வயதில் வயிற்றை அழுத்தவே கூடாது, உள்ளுறுப்புகள் காயப்படும்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை: பின்னால் மண்டியிட்டு, ஒரு கையால் மார்பைத் தாங்கி, குழந்தையை முன்னோக்கிக் குனியவைத்து, அதேபோல் ஐந்து முறை முதுகில் தட்டுங்கள். போகவில்லை என்றால் இரு கைகளாலும் பின்னாலிருந்து அணைத்து, ஒரு கையை முஷ்டியாக்கித் தொப்புளுக்கு மேலே, மார்பெலும்பின் நுனிக்குக் கீழே வைத்து, மற்றொரு கையால் அதைப் பற்றி, உள்ளும் மேலுமாக ஐந்து முறை சட்டென்று இழுங்கள். மருத்துவர் ஹென்றி ஹைம்லிக் 1974ஆம் ஆண்டு விவரித்த வயிற்று உந்துதல் இதுதான். முதுகில் ஐந்து தட்டல், வயிற்றில் ஐந்து உந்துதல் என்று மாற்றி மாற்றித் தொடருங்கள்.

குழந்தை தளர்ந்து நினைவிழந்தால், கெட்டியான தரையில் கிடத்தி, அவசர ஊர்திக்கு இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லி, இதய இயக்க மீட்பை (சிபிஆர்) தொடங்க வேண்டும்: மார்பின் நடுவில் 30 அழுத்தம், பிறகு இரண்டு மூச்சு. அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில், கைக்குழந்தைக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர், பெரிய குழந்தைக்கு 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போக வேண்டும். மூச்சு கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து பாருங்கள். பொருள் தெரிந்தால் மட்டும் எடுங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

உறிஞ்சியெடுக்கும் கருவி ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதில் நேரம் போய்விடக் கூடாது என்பதால், நிலைபெற்ற முதலுதவி முறைகளையே பின்பற்றும்படி 2024இல் கேட்டுக்கொண்டது. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது: கைகள் எப்போதும் நம்மோடு இருக்கின்றன, கருவி வேறோர் அறையின் அலமாரியில் இருக்கும்.

வெளியே வந்த பிறகு

வயிற்றிலோ மார்பிலோ உந்தியிருந்தால், குழந்தை நன்றாக விளையாடினாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். உந்தாமலே சரியாகியிருந்தாலும் அடுத்த சில நாள்களுக்குக் கவனம் தேவை. பலமாக இருமிவிட்டுக் குழந்தை அமைதியாகிவிட்டது என்று நாம் நிம்மதியடையும்போது, பொருள் வெளியே வராமல் மூச்சுக்குழலின் கிளைக்குள் இறங்கியிருக்கலாம். விடாத இருமல், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் இழுப்பு, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வரும் நிமோனியா ஆகியவை அதன் அடையாளங்கள். நிலக்கடலை போன்ற உணவுத் துண்டு ஊடுகதிர்ப் படத்தில் (எக்ஸ்ரே) நேரடியாகத் தெரியாது. எனவே "படத்தில் ஒன்றுமில்லை" என்பது முடிவான பதிலாகாது. அன்றைக்குப் புரையேறிய நிகழ்வை, அது எவ்வளவு சின்னதாகத் தோன்றினாலும், மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலை வைத்துத்தான் மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் உள்நோக்கிப் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார். நாணயம் போன்றதை விழுங்கிய குழந்தை எச்சில் ஒழுக்கிக்கொண்டு உணவை மறுத்தால் அது உணவுக்குழலில் நிற்கிறது என்று கொண்டு அன்றே அழைத்துப் போங்கள்.

பயத்தோடு வாழ்வது

பயத்தின் காரணமாக நான் செய்த தவறுக்குத் திரும்புகிறேன். மசித்த உணவு பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் கட்டியுள்ள உணவைப் பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போடும் குழந்தைகளுக்குப் பின்னாளில் உண்பதில் சிக்கல்கள் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. நாக்கும் தாடையும் பயிற்சியால்தான் தேறுகின்றன. நியூசிலாந்தில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பாதுகாப்பான வடிவில் தானாகவே எடுத்து உண்ணப் பழக்கிய குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். தானாக உண்டவர்கள் ஆறாம் மாதத்தில் அதிகமாக ஓங்கரித்தார்கள், எட்டாம் மாதத்தில் குறைவாக ஓங்கரித்தார்கள். அடைத்துக்கொண்டது இரு தரப்பிலும் வேறுபடவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: இரு தரப்புப் பெற்றோரிலும் பலர் ஆபத்தான வடிவ உணவுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊட்டுகிறோமா, தானாக உண்ண விடுகிறோமா என்று கவலைப்படுவதைவிட, என்ன வடிவில் கொடுக்கிறோம் என்று கவலைப்படுவது மேல்.

ஒருமுறை பயந்துபோன பெற்றோர் மீண்டும் தொடங்கும்போது சிறு படிகளாக ஏறலாம். மசித்ததை அடுத்த முறை கொஞ்சம் கொரகொரப்பாக விடுங்கள். சில நாள் கழித்து, விரலால் நசுங்கும் ஒரே ஒரு மென்மையான துண்டு. தலை நிலையாக நின்று, தாங்கலோடு உட்கார்ந்து, நாக்கால் வெளியே தள்ளாமல் உணவைப் பின்னே நகர்த்தத் தெரிந்த குழந்தைக்கு, ஏறத்தாழ ஆறு மாதத்திலிருந்தே இது முடியும். முதல் சில முறை வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கொடுங்கள்; அது உங்களுக்காக. குழந்தை ஓங்கரித்தால், முகத்தில் பீதியைக் காட்டாமல் கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு பத்துவரை எண்ணுங்கள். எனக்கு அந்தப் பத்து மிக நீளமாக இருந்தது. ஏழில் அவள் துப்பிவிட்டாள்.

குழந்தை ஒவ்வொரு வேளையும் இருமுகிறது, பாலுக்கும் தண்ணீருக்கும் புரையேறுகிறது, சாப்பிட்ட பின் குரல் கரகரக்கிறது, எடை கூடவில்லை என்றால், இது பெற்றோரின் பயம் என்று ஒதுக்காமல் விழுங்குதலைச் சோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தை நலமாக இருந்தும் ஒவ்வொரு வேளையும் உங்கள் நெஞ்சு படபடத்து, உணவு நேரத்தையே தவிர்க்கத் தோன்றினால், அந்தப் பயத்துக்கும் உதவி தேடலாம். அதைச் சொல்ல வெட்கப்பட எதுவும் இல்லை.

முதலுதவி வகுப்பு ஒன்றில் நேரில் சேர்ந்து, பயிற்சிப் பொம்மையில் தட்டிப் பார்ப்பதுபோல் பயத்தைத் தணிப்பது வேறெதுவும் இல்லை. எவ்வளவு விசை தேவை என்பதை எழுத்தால் சொல்லிவிட முடியாது, கைதான் அறிய வேண்டும். வகுப்புக்குப் போகும்வரை வீட்டிலுள்ள துணிப் பொம்மையை முன்கையில் குப்புறப் போட்டு, தாடையைப் பிடிப்பது, திருப்புவது, ஐந்து எண்ணுவது என்று பழகிப் பாருங்கள். உயிருள்ள குழந்தையின் மேல் பழக வேண்டாம். வீட்டிலிருக்கும் எல்லாப் பெரியவர்களும் ஒருவர் பின் ஒருவராகச் செய்து பார்க்கட்டும், ஏனெனில் அந்த நேரத்தில் யார் அருகில் இருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் அந்தப் பொம்மை உணவு மேசைக்குப் பக்கத்து அலமாரியிலேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை, இரவு உணவுக்கு முன், அதை எடுத்து ஒரு சுற்றுப் பழகுகிறோம்.